கல்லும் கட்டும்

‘அணி’ என்னும் சொல்லை நம் முன்னோர் இருபொருளில் ஆண்டனர். மேனியிற் பூண்பதும் அணி. செய்யுளில் அமைவதும் அணி. ‘யாப்பு’ என்பதற்குக் கட்டு என்பதே பொருள். எதுகையும் மோனையும் ‘தொடை’ எனப்பட்டன. பூவையும் மணியையும் தொடுப்பது போலச் சொல்லைத் தொடுப்பது பற்றி வந்த பெயர் அது. இரட்டைமணிமாலை, மும்மணிக்கோவை, நான்மணிமாலை, நவமணிமாலை எனச் சிற்றிலக்கிய வகைகளுக்கே அணிகலப் பெயரிட்டு வழங்கிய மொழி நம்முடையது. நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது, பாவலர்க்கும் பொற்கொல்லர்க்கும் பொதுவான இச்சொற்களே என் நினைவில் முதலில் எழுந்தன. அதற்குக் காரணம் உண்டு. அந்நாளில் என் மேசை இழுப்பறையில் ஒரு பழந்தோடு கிடந்தது. அதில் ஒரே ஒரு வைரம் இருந்தது.

அது என் பாட்டியின் கல். என் தாயின் வழியாக எனக்கு வந்தது. அதனைக் கழுத்தணியில் பதித்து நான் பூண வேண்டும் என்பது தாயின் விருப்பம். எவ்வாறு பதிப்பது என்று அவர் சொல்லிச் செல்லவில்லை. கடைக்காரரிடம் கேட்கும் கேள்வியாகத் தொடங்கிய அது, சில திங்களில் வரலாற்றுக் கேள்வியாக வளர்ந்தது. வழிவழி வந்த கல்லை அடுத்த தலைமுறை எவ்வாறு கட்டுவது? கட்டு மாறும்போது கல்லுக்கு என்ன நேர்கிறது? இவ்விரு வினாக்களின் பின்னே சென்று யான் அறிந்தவற்றை இங்குத் தொகுத்துரைக்க முயல்கிறேன்.

ஏழுகல் தோடு

பாட்டிக்குத் திருமணம் நடந்தது 1943ஆம் ஆண்டு. பிறந்த வீட்டார் அவருக்கு ஏழுகல் தோடு போட்டு அனுப்பினர். நடுவில் ஒரு கல், அதனைச் சுற்றி ஆறு கல். இரு காதுக்குமாகப் பதினான்கு வைரங்கள். அத்தோடு முழுமையாக இருந்த நாளை என் தாய் கண்டதுண்டு, நான் கண்டதில்லை. தாத்தாவின் நெடுநாள் நோய்க்குச் சில கற்கள் போயின. பெரியம்மாவின் திருமணத்துக்குச் சில போயின. 1971இல் என் தாய் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோது எஞ்சிய சுற்றுக்கற்களும் போயின. பாட்டி தோட்டை ஒருமுறையேனும் முழுதாக விற்கவில்லை. தேவைக்கு ஏற்பக் கற்களை மட்டும் பெயர்த்து விற்றார். என் சிறு வயதில் அவர் காதுகளில் நான் கண்டவை சிவப்புக் கெம்புத் தோடுகளே. தம் இறுதி நாளில் தோடு ஒன்றைப் பெரியம்மாவுக்கும் மற்றொன்றை என் தாய்க்கும் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் நடுக்கல் ஒன்று. சுற்றிலும் ஆறு வெற்றுக்குழிகள்.

இத்தோட்டை எடுத்துக்கொண்டு நான் முதலில் சென்றது சென்னையில் ஒரு நகைக்கடைக்கு. கல்லை நிறுத்துப் பார்த்தனர். 62 சென்ட் இருந்தது. நூறு சென்ட் கொண்டது ஒரு காரட். ஒரு காரட் என்பது கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. பழைய பட்டை என்றும், இக்கால முறைப்படி மீண்டும் பட்டை தீட்டினால் 45 சென்ட் அளவில் நிற்கும் என்றும், ஆனால் ஒளி பன்மடங்கு கூடும் என்றும் கூறினர். தோட்டின் பொன்னை உருக்கிக் கணக்கில் கழித்துக்கொண்டு, நான்கு கொக்கிகள் கல்லைத் தாங்கும் புதுப் பதக்கம் செய்து தருவதாகவும் சொன்னார்கள். விலையும் நியாயமாகவே இருந்தது.

இரண்டாவதாகக் கும்பகோணத்தில் கல் கட்டும் முதிய ஆசாரி ஒருவரிடம் சென்றேன். அவர் வேறு சொன்னார். “கல்லைத் தொட வேண்டாம் அம்மா. சுற்றிலும் ஆறு சின்னக் கல் வாங்கிக் கட்டிடலாம். குழி காலியா இருந்தா மூளியாத் தெரியும்.”

மூன்றாவதாகப் பெரியம்மாவிடம் கேட்டேன். எண்பதை நெருங்கும் அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீ அதை அறுத்துட்டா, என்கிட்ட இருக்கிறது ஒத்தையாப் போயிடும்டி” என்றார்.

மூன்று அறிவுரைகள், மூன்றும் மூன்று நெடிய மரபுகளிலிருந்து எழுந்தவை. இதனை நான் பின்னரே உணர்ந்தேன்.

குற்றம் நாடிய கண்

மரத்தின் உள்ளுறுதியை வயிரம் என்கிறோம். நெஞ்சில் ஆறாது நிலைத்த பகையையும் வயிரம் என்கிறோம். கல்லுக்கும் அதுவே பெயர். மூன்றிலும் குலையாத திண்மையே பொதுப்பொருள். பிரேசில் நாட்டில் 1720களில் வைரம் வெளிப்படும் வரை, உலகம் அறிந்த வைரங்களில் ஏறத்தாழ அனைத்தும் இந்திய மண்ணிலிருந்து சென்றவையே. கிருஷ்ணை ஆற்றுப் படுகையை ஒட்டிய கொல்லூர் முதலான சுரங்கங்களின் கற்கள் கோல்கொண்டா வழியே விலைபோயின.

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் வைரத்தின் பிறப்பிடங்களையும் இலக்கணத்தையும் கூறுகிறது. வடமொழி இரத்தினப் பரீட்சை நூல்கள் நல்ல வைரத்துக்கு ஆறு முனை, எட்டு முகம், பன்னிரண்டு விளிம்பு வேண்டும் என வகுத்தன. இது மண்ணிலிருந்து எடுத்த வைரப் படிகத்தின் இயற்கை வடிவமே ஆகும். எனவே பழைய இரத்தின நூலார் போற்றியது இயற்கை தந்த உருவத்தை என்பது பெறப்படும். மனிதன் வெட்டி உண்டாக்கும் உருவம் அவர்கள் இலக்கணத்தில் முதலிடம் பெறவில்லை.

தமிழில் இத்துறை அறிவுக்குச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை சான்று. கோவலன் மதுரையின் மணிவீதியைக் காணும் இடத்தில் இளங்கோவடிகள் வைரத்தின் நால்வகைக் குற்றங்களைச் சுட்டுகிறார். காக்கையின் காலடி போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு என அவற்றை நாம் விளங்கிக்கொள்ளலாம். இவை நீங்கிய கற்களே அவ்வீதியில் இருந்தன என்பது அடிகளின் கூற்று. அடியார்க்கு நல்லார் தம் உரையில் இப்பகுதியை விரித்துரைக்கிறார்.

இக்காதையைப் பல்லாண்டு வகுப்பில் நடத்திய எனக்கு, இவ்விடத்தின் கூர்மை இப்போதுதான் உறைத்தது. கல்லின் உள்ளே கிடக்கும் நுண்புள்ளியையும் காணும் கண்கள் நிறைந்த நகரம் அது. அந்நகரில்தான் சிலம்பின் உள்ளே இருப்பது யாதெனப் பாராமல் ஓர் உயிர் பறிக்கப்பட்டது. அரசியின் சிலம்பில் முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். இரண்டும் மூடிய பொன்னுக்குள் இருந்தன. உடைத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. கட்டு எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்னும் வினா வெறும் அழகியல் வினா அன்று என்பதைக் காப்பியம் நமக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறது.

பெரிய கோயிலின் நிறைகல்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கையும் தன் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுக என்னும் முதலாம் இராசராசனின் ஆணையை உடையவை. ஹுல்ட்சு பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அவற்றைக் காணலாம். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் பெயருடைய கல்லும், மணிகளை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்னும் பெயருடைய கல்லும் பயன்பட்டன. நிறை, கழஞ்சு மஞ்சாடி குன்றி எனக் கடைசிப் பின்னம் வரை எழுதப்பட்டது.

இப்பதிவுகளின் நேர்மை வியக்கத்தக்கது. ஓர் அணிகலனில் எத்தனை வயிரம், எத்தனை மாணிக்கம், எத்தனை முத்து என எண்ணிக்கை வரும். தட்டையான வயிரம் இவ்வளவு, சதுரமானது இவ்வளவு, உருண்டது இவ்வளவு என வகை வரும். அவற்றுள் புள்ளி உடையன, முறிவு உடையன, செம்புள்ளியும் கரும்புள்ளியும் உடையன, வெந்தது போன்ற தழும்பு உடையன எனக் குறைகளும் மறையாமல் வரும். முத்தணிகளை நிறுக்கும்போது கோத்த சரடும், தாங்கும் சட்டமும், செப்பாணியும், அரக்கும் நீக்கி நிறுத்ததாகக் குறிப்பு வரும். இறைவனுக்குக் கொடுத்த பொருளாயிற்றே என்று குற்றமுள்ள கல்லைக் குற்றமற்றது என எழுதவில்லை. அரக்கின் எடையைப் பொன்னின் எடையில் சேர்க்கவும் இல்லை.

தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் தாம் எழுந்தருளுவித்த உமாபரமேசுவரியார் திருமேனிகளுக்கு வழங்கிய கலன்களும் இவ்வாறே தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் கொடுத்த நகையில் இருந்த கற்களின் எண்ணிக்கையை இன்று நாம் சொல்ல இயலும். என் பாட்டி கொடுத்த பன்னிரண்டு கற்களில் எந்தக் கல் எந்த ஆண்டில் எந்தத் தேவைக்குப் போனது என்று எங்கும் எழுதப்படவில்லை. அக்கல்வெட்டுகளைப் படித்துக்கொண்டிருந்த இரவில் இவ்வேறுபாடு என் நெஞ்சை உறுத்தியது.

மூடிய கட்டும் திறந்த கட்டும்

மணியைப் பொன்னில் அமைக்கும் தொழிலுக்குத் தமிழில் சொற்கள் பல. குயிற்றுதல், அழுத்துதல், இழைத்தல், பதித்தல் என்பன இலக்கியத்தும் வழக்கிலும் உள்ளவை. கட்டுதல் என்பது பட்டறைச் சொல். இத்தொழிலில் இரு பெரும் முறைகளைக் காணலாம். ஒன்று மூடிய கட்டு. மற்றொன்று திறந்த கட்டு.

மூடிய கட்டில் பொன்னால் ஆன குழியில் கல் அமரும். கல்லின் அடியில் மெருகேற்றிய தகடு இடுவர். குழியின் உட்புறத்தை அரக்கு நிரப்பும். கல்லின் விளிம்பைச் சுற்றிப் பொன்னை அழுத்துவர். வடநாட்டில் குந்தன் எனப் புகழ்பெற்ற வேலை இவ்வகையினது. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் கோயில் நகை செய்வோர் சிவப்புக் கெம்புகளை வைத்துக் கட்டுவதும், பரத நாட்டிய மேடையில் நாம் காண்பதும் இதற்கு உறவுடைய மரபே. இம்முறை தோன்றியதற்குத் தக்க காரணம் உண்டு. இந்தியாவில் வைரத்தைத் தட்டையாகவும் எடை குறையாமலும் இழைத்தனர். பதினேழாம் நூற்றாண்டில் இங்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, 1676இல் வெளிவந்த தம் பயண நூலில் இதனைக் குறிக்கிறார். கல் தூயதாயின் இந்தியர் அதனை மேலே மெருகிடுவதோடு நிறுத்துவர் என்றும், எடை குறையும் என்று அஞ்சி வேறு வடிவம் கொடுக்க முற்படார் என்றும், குறை இருந்தால் அதனை மறைக்கச் சிறு பட்டைகள் பல இடுவர் என்றும் அவர் எழுதினார். தட்டைக் கல்லில் புகும் ஒளி அடிவழியே கசிந்துவிடும். அதனை மீட்டு மேலே அனுப்பத் தகடு தேவைப்பட்டது.

மேலை நாட்டார் சென்ற வழி வேறு. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அவர்கள் கல்லுக்கு மேலும் கீழும் பல பட்டைகள் இட்டனர். வைரத்தின் உள்ளே செல்லும் ஒளி, பட்டையின் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 24 பாகைக்கு மேல் சாய்ந்து விழுமாயின் வெளியேறாது உள்ளேயே திரும்பும். இவ்வியல்பைப் பயன்கொண்டு அடிப்பட்டைகளை அமைத்தால் கல்லே தனக்குக் கண்ணாடி ஆகும், தகடு வேண்டா. எனவே கட்டும் திறந்தது. 1886இல் அமெரிக்க டிஃப்பனி நிறுவனம் ஆறு கொக்கிகள் கல்லை உயர்த்திப் பிடிக்கும் மோதிரத்தை வெளியிட்டது. 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி இன்றைய வட்டவடிவப் பட்டையின் கோணங்களைக் கணக்கிட்டு நூல் எழுதினார். சென்னைக் கடையில் எனக்குப் பரிந்துரைத்தது இம்மரபின் வழிவந்த கட்டே.

இரண்டிலும் நன்மையும் தீமையும் உண்டு. திறந்த கட்டில் கல்லின் இருபுறமும் தெரியும். அழுக்குப் படிந்தால் கழுவலாம். வைரம் எண்ணெயை ஈர்க்கும் இயல்புடையது. சுரங்கங்களில் எண்ணெய்ப்பசை தடவிய பலகைமீது மண்ணும் கல்லும் கலந்த நீரை ஓடவிட்டு, வைரம் மட்டும் ஒட்டிக்கொள்ள அதனைப் பிரித்தெடுத்தனர். கழுவ இயலாத நகையில் தலையெண்ணெயும் வியர்வையும் வைரத்தின் ஒளியைக் கெடுத்துவிடும். மூடிய கட்டில் ஈரம் புகுந்தால் தகடு கறுக்கும். வெந்நீரில் இட்டால் அரக்கு இளகும். ஆனால் அக்கட்டு கல்லின் விளிம்பை முழுதும் காக்கும். வைரம் கடினமானது, எனினும் குறிப்பிட்ட நான்கு திசைகளில் பிளவுபடும் தன்மையும் அதற்கு உண்டு. பழைய பட்டைக் கற்களில் இடைவிளிம்பு மெல்லியதாக இருப்பின், கொக்கியின் அழுத்தத்தில் சிதறவும் கூடும்.

பட்டை தீட்டியதன் விலை

‘பட்டை தீட்டிய வைரம்’ என்பது நம் மேடைகளில் புகழ்மொழி. ஒவ்வொரு பட்டையும் கல்லின் ஒரு பகுதியைத் தூளாக்கிப் பெற்றது என்பதை நாம் நினைப்பதில்லை. இதற்குக் கோகினூரை விடப் பெரிய சான்று இல்லை. மகாராசா இரஞ்சித் சிங் அதனைத் தோள்கடகம் ஒன்றில், இருபுறமும் இரு கற்கள் துணை நிற்க, அணிந்திருந்தார். 1849இல் பஞ்சாபு ஆங்கிலேயர் வசமானபோது லாகூர் உடன்படிக்கையின்படி அக்கல் விக்டோரியா அரசிக்குச் சென்றது. 1851இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் அதனைக் காணக் கூட்டம் திரண்டது. கண்டவர்களோ ஏமாந்தனர். அவர்கள் எதிர்பார்த்த மின்னல் அதில் இல்லை. மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கோஸ்டர் நிறுவனத்துத் தொழிலாளரை வரவழைத்து மீண்டும் பட்டை தீட்டினர். வெலிங்டன் கோமகன் முதற்பட்டைக்குக் கை கொடுத்தார். 38 நாளில் வேலை முடிந்தது. இன்றைய அளவில் ஏறத்தாழ 191 காரட் இருந்த கல் 105.6 காரட் ஆயிற்று. பின்னர் அது 1902, 1911, 1937 ஆகிய ஆண்டுகளின் முடிசூட்டு விழாக்களில் மூன்று அரசியரின் முடிகளில் அடுத்தடுத்து ஏறியது.

அப்பழைய கடகம் இன்றும் இங்கிலாந்தில் இருக்கிறது. அதன் குழிகளில் வைரத்தின் வடிவில் செய்த படிகங்கள் வைக்கப்பட்டுள்ளன. கல்லின் பழைய உருவத்தை அறிய விரும்புவோர் கல்லைப் பார்த்துப் பயனில்லை. அந்தக் கட்டைத்தான் பார்க்க வேண்டும். கல் மறந்ததைக் கட்டு நினைவில் வைத்திருக்கிறது.

இதனைப் படித்த பின்னரே, உருக்கிக் கணக்கில் கழித்துவிடலாம் என்று சொல்லப்பட்ட என் தோட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தேன்.

ஆர்க்காட்டு இணை

தமிழ் மண்ணோடு தொடர்புடைய வேறொரு வரலாறும் உண்டு. 1777இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாசா, மூன்றாம் சார்ச்சு மன்னரின் துணைவி சார்லட் அரசிக்கு வைரங்களைப் பரிசளித்தார். அவற்றுள் பேரிக்காய் வடிவான இரண்டு, ஆர்க்காட்டு வைரங்கள் எனப் பெயர்பெற்றன. பழைய பதிவுகளின்படி ஒன்று 33.70 காரட், மற்றொன்று 23.65 காரட். கடன் சுமையில் மூழ்கிக்கொண்டிருந்த நவாபு கடல் கடந்து அனுப்பிய பரிசு அது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

1818இல் அரசி மறைந்தார். நவாபு தந்த வைரங்களை விற்று, அத்தொகையைத் தம் இளைய மகளிர் நால்வர்க்கும் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது அவர் விருப்ப ஆவணம். தாயின் கல்லை மக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் துன்பம் அரண்மனைக்கும் உண்டு போலும். 1837இல் நடந்த ஏலத்தில் முதலாம் வெஸ்ட்மின்ஸ்டர் மார்க்கிசு அவ்விரு கற்களையும் வாங்கினார். 1930இல் லாக்ளோசு நிறுவனம் செய்த வெஸ்ட்மின்ஸ்டர் தலையணியில் அவை இரண்டும் இடம்பெற்றன. 1959இல் அத்தலையணி விலைக்கு வந்தபோது அமெரிக்க வணிகர் ஹாரி வின்ஸ்டன் வாங்கினார். ஒளி கூட்டுவதற்காக இரு கற்களையும் மீண்டும் பட்டை தீட்டுவித்தார். பின்னர் அவை பிரிந்தன. பெரிய கல் ஒரு கழுத்தணியின் தொங்கலாக அமைந்து 1993இல் செனிவா நகரில் ஏலம் போயிற்று. சிறிய கல் 2019இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. அப்போது அதன் எடை 17.21 காரட்.

நூற்று எண்பது ஆண்டுகள் பல கட்டுகளில் சேர்ந்தே இருந்த இணை அது. கட்டு மாறியபோதெல்லாம் இணை குலையவில்லை. கல்லை அறுத்து, தனித்தனியே விலைபேசிய பின்னரே ஒன்றுக்கு மற்றொன்று அயலாயிற்று. “ஒத்தையாப் போயிடும்டி” என்ற பெரியம்மாவின் சொல்லுக்கு இதைவிட நல்ல உரையை நான் எழுத இயலாது.

காரைக்கால் அம்மையார் இரட்டைமணிமாலை பாடினார். வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி, அந்தாதியாய், இருபது பாடல்களில் அம்மாலை அமைகிறது. வெண்பாவைக் கலித்துறையாக்க யாரும் முற்படுவதில்லை. இரண்டும் தத்தம் யாப்பில் நிற்பதால்தான் அது இரட்டைமணி. இதனை வகுப்பில் சொல்லும்போது எளிதாகவே இருந்தது.

புள்ளி

மீண்டும் கும்பகோணம் சென்றேன். ஆசாரி தோட்டின் பின்புறத்தை இளஞ்சூட்டில் காட்டிக் கல்லை வெளியே எடுத்தார். பழுப்பு நிற அரக்குத் தூள் தாளில் உதிர்ந்தது. உருப்பெருக்கியை என்னிடம் தந்து பார்க்கச் சொன்னார். கல்லின் நடுவே, ஆழத்தில், ஒரு சிறு வட்டப் புள்ளி தெரிந்தது. என் தாய்க்கு அப்புள்ளியைப் பற்றி எப்போதும் ஓர் அச்சம் இருந்தது. வைரம் எல்லார்க்கும் சேராது என்பதும், வாங்குமுன் மூன்று இரவு வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதும் அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. புள்ளியுள்ள கல் என்பதால்தான் வீட்டில் இத்தனை துன்பமோ என அவர் கலங்கியதுண்டு. இளங்கோவடிகள் சொன்ன நால்வகைக் குற்றத்துள் அதுவும் ஒன்றாயிற்றே என்று எனக்கும் தோன்றியது.

ஆசாரி சிரித்தார். “அது குத்தம் இல்லை அம்மா. அடிமுனை உடையாமல் இருக்க, அந்தக் காலத்துல முனையை மழுக்கிச் சின்னதா ஒரு பட்டை வைப்பாங்க. மேலேருந்து பார்த்தா ஓட்டை மாதிரி தெரியும்.” குற்றம் எனக் கருதியது ஒரு தொழிலாளியின் கைத்தடம். மீண்டும் பட்டை தீட்டினால் முதலில் மறைவது அதுவாகவே இருக்கும்.

வேறொன்றையும் அன்று தெளிந்தேன். பாட்டி இதனை ‘ப்ளூ ஜாகர்’ என்று பெருமையோடு சொல்வார். ஏதோ நம் நாட்டுப் பழங்கல் என்றே நான் எண்ணியிருந்தேன். அப்பெயரோ தென்னாப்பிரிக்காவில் 1870இல் வைரம் கிடைத்த ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் என்னும் சுரங்கத்தால் வந்தது. அந்நாட்டுச் சுரங்கங்களின் கற்கள் ஐரோப்பியப் பட்டறைகளில் பட்டை தீட்டப்பெற்று, சென்னை வணிகர் கைவழியே தமிழ் மகளிரின் காதுகளை அடைந்தன. அயல்நாட்டுக் கல்லுக்கு, அயல்நாட்டுப் பட்டைக்கு, நம் ஊர் ஆசாரி தமக்குத் தெரிந்த மூடிய கட்டைப் போட்டார். திறந்த கட்டுக்கென வெட்டிய கல்லை அடி மூடிக் கட்டியதால், அழுக்கேறிய அதன் ஒளியைக் காண எழுபதாண்டுக்கு மேல் ஒருவரும் வாய்ப்புப் பெறவில்லை. மரபு என்று நாம் கருதுவனவற்றுள் இத்தகைய கலப்பு எத்தனையோ!

யான் தேர்ந்த கட்டு

கழுவிய கல்லை வெண்தாளில் வைத்துப் பார்த்தபின் முடிவுக்கு வருவது எளிதாயிற்று. மீண்டும் பட்டை தீட்டவில்லை. தோட்டை உருக்கவும் இல்லை. நடுக்குழியின் அடித்தகட்டை மட்டும் வட்டமாக அறுத்து எடுக்கச் செய்தேன். அந்த வழியே இப்போது ஒளி புகுகிறது, கழுவவும் இயல்கிறது. விளிம்பைச் சுற்றிய பழைய பொன் அப்படியே கல்லைப் பிடித்திருக்கிறது. தோட்டின் தலையில் சிறு வளையம் ஒன்று பற்றவைத்து, மெல்லிய சங்கிலியில் கோத்துக்கொண்டேன்.

எஞ்சியது ஆறு குழிகளின் கேள்வி. “ஜிர்கான் கல்லாவது வெச்சுக் கட்டிக்கோங்க அம்மா, யாருக்கும் தெரியாது” என்றார் ஆசாரி. அவர் அன்பாகவே சொன்னார். மூளி என்னும் சொல்லுக்கு அஞ்சாத பெண் நம் சமுதாயத்தில் அரியள். நானும் சற்றுத் தயங்கினேன். ஆனால் அக்குழிகளில் ஒன்றோ இரண்டோ என் தாயின் ஆசிரியப் பயிற்சி. அவர் பெற்ற ஊதியத்தில்தான் நான் முனைவர் பட்டம் வரை படித்தேன். அவ்விடத்தில் பொய்க்கல் வைத்து மூடுவது, அரக்கின் எடையைப் பொன்னில் சேர்த்து எழுதுவதை ஒக்கும். குழிகளின் கூர்விளிம்பு சேலையில் மாட்டாதபடி தேய்த்து மழுக்கினால் போதும் என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அரத்தைக் கையில் எடுத்தார்.

அன்று மாலை பெரியம்மாவின் வீட்டுக்குச் சென்றேன். அவர் தம் தோட்டை எடுத்து வந்து என் கழுத்தருகே வைத்துப் பார்த்தார். ஒன்றில் ஒளி, மற்றொன்றில் எண்ணெய்ப்படலம். அளவும் பட்டையும் ஒன்றே. “என்னுதையும் அப்படியே பின்னால தொறந்து குடுக்கச் சொல்லு” என்றார்.

வீடு திரும்பியதும் ஒரு தாள் எடுத்து எழுதினேன். கல் ஒன்று, எடை 62 சென்ட், பொன் நீக்கி நிறுத்தது, பழைய பட்டை, நடுவில் காணும் புள்ளி குற்றம் அன்று, அடிப்பட்டை, வெற்றுக்குழி ஆறு, இதன் இணை பெரியம்மாவிடம். கீழே பாட்டியின் பெயரையும் 1943 என்னும் ஆண்டையும் எழுதி, பன்னிரண்டு கற்கள் போன வழியையும் பெரியம்மா சொல்லக் கேட்டவாறே வரிசைப்படுத்தினேன். அத்தாள் இப்போது நகைப்பெட்டியில், தோட்டுக்கு அடியில் இருக்கிறது.